முப்பத்தொன்றாம் முயலின் ரத்தம்

அறிவிப்புப் பலகையில் தன் பெயர் இருப்பதைச் சம்ருவாய் முதலில் கவனிக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் பலகையைப் பார்த்தார்கள், அப்புறம் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கிட்டே போனாள். வருகை பதிகிற இயந்திரத்துக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், ஒரு காகிதத்தை நாலு மூலையிலும் ஊசி குத்தி வைத்திருந்தார்கள்.

"முயல் கொட்டகைப் பணியாளர் சம்ருவாய் 32ஆம் முயலின் ரத்தத்தை எடுத்து, 31 என்று எழுதிக் கொடுத்துள்ளார். இதனால் ஆய்வு வீணானது. வெள்ளிக்குள் தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். இல்லையேல் பணிநீக்கம்."

எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் தடவையும் அதேதான் இருந்தது. காதெல்லாம் சுட்டது.

தாய்லாந்தில், பாங்காக்கை ஒட்டிய பதும் தானியில் இருக்கிற அந்த ஆய்வுக்கூடக் கட்டடத்துக்கு அவள் வந்து பதினோரு வருஷம். கீழ்த்தளத்தில் முயல்கள், இரண்டாம் மாடியில் டாக்டர்கள். முயல் முடி ஒட்டிய உடுப்போடு மாடிப்படி ஏறக் கூடாது என்பது சட்டம். அதனால் அவள் எடுத்துக் கொடுக்கிற ரத்தம்தான் மேலே போகும், அவள் போனதில்லை.

மேலாளர் விச்சியன் மேசையில் ஒட்டரிசிச் சோற்றை உருட்டிச் சுட்ட கோழியோடு தின்றுகொண்டிருந்தான். அவளுக்குப் பத்து வயது இளையவன், அவளைப் போலவே வடகிழக்கே ரோய் எட் என்ற ஊரிலிருந்து பிழைக்க வந்தவன்.

"தம்பி, இதை ஒட்டினது யாரு?"

"நான்தான் அக்கா. டாக்டர் ரத்தியா ஒட்டச் சொன்னாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லப் போறே? மாத்தலைன்னு சொல்லுவே. எல்லாரும் அதைத்தானே சொல்லுவாங்க." எலும்பைச் சப்பிக் கீழே வைத்தான். "மனசைக் குளிர வெச்சுக்கோ அக்கா. சிரிச்சுக்கிட்டே ஒரு கையெழுத்துப் போடு. வேலையாவது மிஞ்சும்."

"குளிர வைக்கிறதுக்கு என் மனசு என்ன ஐஸ் பெட்டியா?"

விஷயம் இதுதான். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் வேண்டாத புரதத்தை அரைத்துத் தள்ளுகிற ஒரு குட்டி இயந்திரம் உண்டாம். அதில் ஒரு துண்டை டாக்டர் ரத்தியா செய்து தந்தார். 31, 32 என்ற இரண்டு வெள்ளை முயல்களுக்கும் அதை ஊசியில் ஏற்றினார்கள். ஊசி ஏறிய முயலின் ரத்தத்தில், அந்தத் துண்டை எங்கே கண்டாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிற சத்து ஊறும். அந்த ரத்தம் உறைந்ததும் தெளிந்து நிற்கிற நீருக்குத் தெளிவு என்று பேர்; அதை வைத்து மாடியில் சோதித்தால் தாளில் ஒரு கறுப்புக் கோடு விழும். முன்பெல்லாம் 31இன் ரத்தத்தில் கோடு கரி மாதிரி விழுந்தது. 32இல் ஒன்றுமே இல்லை. ஒரே ஊசி, ஒரே தீனி, ஆனால் ஒரு முயல் கொடுக்கும், இன்னொன்று கொடுக்காது. அது முயலின் இஷ்டம். ஆனால் போன வாரம் எடுத்த 31இன் ரத்தத்தில் கோடு விழவில்லை. உடனே கீழே இருக்கிறவள் மாற்றிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

முயல் வெள்ளை என்றால் அவளுக்குக் கண்ணும் வெள்ளையா? காதுக்குள் பச்சை குத்திய எண்ணைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, அதற்கப்புறம்தான் அவள் ஊசியையே கையில் எடுப்பாள். ரத்தம் எடுக்கும்போது 31 கையைக் கடிக்க வரும். 32 மூத்திரம் விட்டுவிடும். இதை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

நீல உடுப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கை, முகம், தலைமுடி எல்லாம் கழுவிக்கொண்டு, உள்ளே போட்டிருந்த பழைய சட்டையோடு படி ஏறினாள்.

"அக்கா! அக்கா! மேலே போகாதே!" விச்சியன் பாதிச் சோற்றோடு பின்னால் ஓடி வந்தான்.

டாக்டர் ரத்தியா திரும்பிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "யார் உங்களை உள்ள விட்டது? இங்க முயல் முடி வந்தா என்ன ஆகும் தெரியுமா?"

"முடியைக் கழுவிட்டு வந்தேன் டாக்டர். பேர்ல ஒட்டினதைத்தான் கழுவ முடியல. நான் கொடுத்த ரத்தத்தைக் காட்டுங்க."

"அதைப் பார்த்து உங்களுக்கு என்ன தெரியும்?"

"காட்டுங்க. தெரியலைன்னா இங்கயே கையெழுத்துப் போடறேன்."

விச்சியன் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்து மாறி மாறிச் சிரித்தான். அந்தக் கட்டடத்தில் சங்கடம் வந்தால் சிரிக்கிறதுதான் வழக்கம். டாக்டர் அலுப்போடு ஒரு சின்னக் குழாயை எடுத்து நீட்டினார். சோதனைக்காக உருக வைத்திருந்தது. மூடியில் 31 என்று இருந்தது. சம்ருவாய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

தேங்காய்ப்பால் மாதிரிக் கலங்கியிருந்தது.

"இது போன வாரம் எடுத்தது இல்ல," என்றாள்.

"மூடியில எண் இருக்கே!"

"எண் சரிதான். நாள் சரியில்ல. ரத்தம் எடுக்கிறதுக்கு முந்தின சாயங்காலமே தீனித் தட்டை எடுத்துடுவேன். வெறும் வயித்துல எடுத்தா தெளிவு வைக்கோல் தண்ணி மாதிரி இருக்கும். தின்ன வயித்துல எடுத்தாத்தான் இப்படிப் பாலாக் கலங்கும். பதினோரு வருஷத்துல தின்ன முயல்கிட்ட நான் ஒரே ஒரு நாள்தான் ரத்தம் எடுத்திருக்கேன். லாரியில முயல் வந்து இறங்கின அன்னிக்கு. இன்னிக்கு வேண்டாம் டாக்டர், வழியெல்லாம் தின்னுட்டு வந்திருக்கு, நாளைக்கு எடுக்கலாம்னேன். அவசரம், இப்பவே எடுன்னீங்க."

டாக்டர் குழாயை வாங்கிப் பக்கவாட்டில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார். கீழே தேதி தெரிந்தது. முயல் வந்து இறங்கிய நாள். ஊசி போடுவதற்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று எடுத்து வைத்த ரத்தம். ஊசியே போடாத ரத்தத்தில் கோடு எங்கிருந்து வரும்?

"உறைபெட்டியில ரெண்டு குழாயும் பக்கத்துப் பக்கத்துல இருந்திருக்கு," என்றார் டாக்டர், யாருக்கென்றும் இல்லாமல்.

"கீழ இருக்கிறவளுக்குக் காது பார்க்கணும்னு சொல்லித் தர்றீங்க. மேல இருக்கிறவங்க தேதி பார்க்க மாட்டாங்களா?"

"சரி, சரி. நீங்க போங்க. சரியானதை எடுத்துச் சோதிச்சுட்டுச் சொல்றேன்."

மூன்று நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காகிதம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். வியாழக்கிழமை காலை விச்சியன் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அக்கா, கோடு விழுந்துடுச்சு! கரி மாதிரி! டாக்டர் பழைய காகிதத்தைக் கழட்டிட்டு இதை ஒட்டச் சொன்னாங்க."

சம்ருவாய் அதை வாங்கிப் படித்தாள். "31ஆம் முயலின் ரத்தக் குழாய் மாறிவிட்டது. பிரச்சினை தீர்ந்தது."

"மாறிவிட்டதா? குழாய்க்குக் கால் முளைச்சு அதுவா நடந்து போச்சா?"

"விடு அக்கா..."

"நான் மாத்தினதா நினைச்சப்போ சம்ருவாய்னு கொட்டை எழுத்துல போட்டாங்க. இப்போ பேரே காணோம். மாத்தினவங்க யாரு? பேரைப் போடச் சொல்லு."

"டாக்டர் பேரையா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"போடலைன்னா வெள்ளிக்கிழமை நானே போயிடறேன். அடுத்த ரத்தத்தை அவங்களே கீழ இறங்கி வந்து எடுக்கட்டும். 31 கடிக்கிறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கு."

விச்சியன் படி ஏறினான். வெகு நேரம் கழித்துத்தான் இறங்கினான். காகிதத்தின் அடியில் பேனாவால் இரண்டு வரி, எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னதாக: "குழாயைத் தவறாக எடுத்தது நான். சம்ருவாய் மேல் தவறு இல்லை. ரத்தியா."

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. சம்ருவாய் தேடிப் பார்த்தாள், இல்லை. பழைய காகிதத்தைப் பிடுங்கி, அதே நாலு ஊசியால் இதை அதே இடத்தில் குத்தினாள். கடைசி ஊசி கையில் குத்தியது. அவள் கவனிக்கவில்லை.

"இப்போ திருப்திதானே?" என்றான் விச்சியன். "சாயங்காலம் கழட்டிடலாமா?"

"அது நாலு நாள் தொங்குச்சு. இதுவும் நாலு நாள் தொங்கட்டும்," என்றாள். "சனி ஞாயிறு கணக்குல சேராது, ஆமா."