தப்பு வண்டி

என் தள்ளுவண்டி ராட்டினத்துக்கு மோட்டார் கிடையாது. பின்சக்கர அச்சில் ஒரு சின்னப் பல்சக்கரம், ராட்டினத்தின் நடுவில் ஒரு பெரியது, இரண்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் செயின். சின்னதில் பதினெட்டுப் பல், பெரியதில் நாற்பத்து நாலு. வண்டிச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றினால் ராட்டினம் ஒரு முறை சுற்றும். தொட்டில்களில் தெலுங்கு, தமிழ், உருது, கன்னடக் குடும்பப் பொம்மைகள். வண்டி நின்றால் அவையும் நின்றுவிடும். அதனால் சித்தூர் ஒற்றுமை ஊர்வலத்தில் வண்டி நகர்ந்தே ஆகவேண்டும். இரண்டு மாத உழைப்பு. எங்கள் தமிழ்ச் சபையில் எல்லோரிடமும் பெருமையடித்தும் வைத்திருந்தேன்.

புறப்படும் இடத்தில் பட்டியலோடு நின்ற தாட்சாயணி கையை நீட்டி மறித்தார்.

"ஞானசிங் அண்ணா, ஓரமா நிறுத்துங்க. உங்க பேருக்கு நேரா 'தப்பு'ன்னு எழுதிக்கீது."

"இன்னா தப்பு?"

"எனக்கு இன்னா தெரியும்? பட்டியல் எழுதனவரு உங்க சபை செயலாளர் பிலிப்புதான்."

பிலிப் போனை எடுக்கவில்லை. அவர் முன்வரிசையில் பேனர் பிடித்துக்கொண்டு போய்விட்டார். யானைப் பொம்மை போனது, புலி வேஷம் போனது, பலமனேர் தக்காளி வண்டியும் போனது. என் பொம்மைகள் அசையாமல் வேடிக்கை பார்த்தன.

அப்போது தோளில் பறையோடு எத்திராஜும் எட்டுப் பேரும் ஓடி வந்தார்கள்.

"யாரு நீங்க?" என்றார் தாட்சாயணி.

"டப்பும்மா."

"டப்பு போடறதா இருந்தா உண்டியல் அந்தப் பக்கம்."

"ஐய, துட்டு இல்லம்மா!" எத்திராஜ் படாரென்று ஓர் அடி அடித்தார். "இந்த டப்பு! ஞானசிங் வண்டிக்கு முன்னாடி அடிக்கினு போவச் சொன்னாரு பிலிப்பு."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் பறைக்கு டப்பு என்று பெயர். தெலுங்கில் பணத்துக்கும் கிட்டத்தட்ட அதே பெயர், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். போன வருஷம் பிலிப் அப்படி எழுதி, யாரோ உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அதனால் இந்த வருஷம் சுத்தத் தமிழில் 'தப்பு' என்று எழுதியிருக்கிறார். அதுவும் பறைதான். தாட்சாயணி படித்தது பிழை என்கிற தப்பை.

"நைனா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் தாட்சாயணி. "ஓடுங்க, ஓடுங்க, எல்லாம் போயிட்டாங்கோ!"

இங்கேதான் நான் கணக்குப் போடாத ஒன்று இருந்தது. பதினெட்டும் நாற்பத்து நாலும் நடக்கிற வேகத்துக்குச் சரி. எத்திராஜ் அடித்த அடிக்கு நாங்கள் ஓடினோம். தாட்சாயணியும் பின்னால் தள்ளினார். ராட்டினம் கிறுகிறுவென்று சுற்றியது. கன்னடக்காரரின் தலைப்பாகை தெலுங்கு அம்மா மடியில் விழுந்தது, உருது மாப்பிள்ளை தமிழ்க் குடும்பத்தின் தொட்டிலுக்குப் பாய்ந்தார்.

தெருவின் இருபுறமும் ஒரே விசில். பேனரைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்த பிலிப் கத்தினார்: "அண்ணா, பொம்மைங்கோ எல்லாம் இடம் மாறிப்போச்சு! தப்பு!"

எத்திராஜ் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்.