மறு ஆய்வு

டவுன் பஸ் முக்கால் மணி நேரமாக வரவில்லை. தீயணைப்பு நிலையத்து லீடிங் ஃபயர்மேன் துரைராசு, ரப்பர் ஸ்டாம்பும் ஆய்வுப் படிவங்களும் வைத்த துணிப்பையை மடியில் போட்டுக்கொண்டு, குடவாசல் சாலையில் மைல்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நிலையத்தில் இருபத்திரண்டு பேர் இருக்க வேண்டும். இருந்தது ஒன்பது பேர். அதில் ஆய்வுக்கென்று ஒதுக்கியது அவர் ஒருவரைத்தான். ஜீப் கேட்டு எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும், நிதி இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்திருந்தது. ஆட்சி மாறியது, சுவரில் சின்னம் மாறியது, அந்த ஒரு வரி மட்டும் மாறவேயில்லை.

காலையில் கல்யாண மண்டபம் ஒன்றைப் பார்த்து முடித்திருந்தார். அங்கே வாசலில் மணல் நிரப்பிய நாலு சிவப்பு வாளிகள். மூன்றாவது வாளியின் விளிம்பு நசுங்கி, அடியில் தார் அப்பியிருந்தது. ஒருவழியாகப் பஸ் பிடித்து அரிசி மில்லில் போய் இறங்கினால், அதே நசுங்கல் வாளி அங்கே அவருக்கு முன்னால் நின்றது. அவர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அது டிரைசைக்கிளில் வந்து சேர்ந்துவிட்டது. துரைராசுவுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

வாளிகள் உண்டா என்று படிவம் கேட்டது. உண்டு என்று எழுதினார். இரவல் என்று எழுதினால் ஊரிலுள்ள அத்தனை இடத்துக்கும் இன்னொரு நடை நடக்க வேண்டும். மனசு உறுத்தத்தான் செய்தது.

ஆனால் மில்லின் பின்கதவை அவரால் அப்படி விட முடியவில்லை. கதவு உயரத்துக்கு மூட்டை அடுக்கி அதை மறைத்திருந்தார்கள். தவிடு சலித்துக்கொண்டிருந்த அம்சம் என்ற பெண் எழுந்து வந்தாள்.

"அதத் தொறந்து ரெண்டு வருசமாச்சுங்கய்யா. பதினோரு பொம்பளைங்க உள்ள வேல பாக்குறோம். தீ கீ புடிச்சா எப்புடிங்க வெளிய வர்றது?"

"எழுதிட்டுத்தாம்மா போறேன். பதினஞ்சு நாள்ல திரும்ப வந்து பாப்பேன். அதுக்குள்ள எடுத்துருவாங்க."

"கட்டாயம் வந்துருங்கய்யா. நீங்க வந்தாத்தான் எடுப்பாங்க."

பதினைந்தாம் நாள் நிலைய அதிகாரி பஞ்சநதத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மறு ஆய்வா? மொத ஆய்வே முப்பத்தாறு பாக்கி கெடக்கு. நீ அங்க போயிட்டா இதெல்லாம் யாருய்யா பாக்குறது?"

"பதினோரு பொம்பளைங்க சார்."

"எனக்கு மட்டும் தெரியாதா? ஆளக் குடுத்தா அனுப்ப மாட்டேனா?"

பஞ்சநதம் கெட்டவரில்லை. அதுதான் துரைராசுவுக்கு ஆத்திரமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் வீட்டுக்குப் போய்த் திட்டவாவது செய்யலாம். திட்டினாலும் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

மாசி மாதம் ஒரு பகல், சினிமாக் கொட்டகை ஆய்வு. மேனேஜர் சிங்காரவேலு டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் கையை நீட்டினார்.

"நாலு வாளி. எண்ணிக்குங்க சார்."

மூன்றாவது வாளி நசுங்கியிருந்தது. துரைராசு படிவத்தை எடுத்தபோது ஆபீஸ் அறையில் போன் அடித்தது. உள்ளே போன சிங்காரவேலு முகம் வெளுத்துத் திரும்பினார்.

"கெழக்க அரிசி மில்லு எரியுதாம் சார். உங்க வண்டி கெளம்பிருச்சாம்."

"பொம்பளைங்க?"

"முன்வாசல்லதான் தீயாம். பின்னால செவுத்த இடிக்கிறாங்களாம்."

துரைராசு நசுங்கிய வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஓடி வந்த பிறகுதான், மில் ஐந்து மைல் தள்ளி இருப்பது உறைத்தது. அறுவடை முடிந்து வெட்டவெளியாகக் கிடந்த வயல்களுக்கு அப்பால் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. தோளில் தொங்கிய பையில் அந்த மில்லின் படிவம் இருந்தது. மறு ஆய்வுத் தேதிக்கான இடம் காலியாக இருந்தது. வாளியின் கனம் விரல்களை அறுத்தது. அதைக் கீழே வைக்காமல், டவுன் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.