மூன்றாவது நன்றிப் படிவம்

இரண்டு கைத்துப்பாக்கிகளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நீளக்குழல்காரர் நேராக உள்ளே வந்து சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். குட்டைக்குழல்காரர் வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் ஊரில் உரிமம் கேட்பவர் வீட்டில் துப்பாக்கிகள் ஒரு வாரம் தங்கிப் பார்ப்பார்கள். வாரக் கடைசியில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரை அனுப்பிவிட வேண்டும்.

மனுவில் நான் இரண்டு காரணம் எழுதியிருந்தேன். குறி பார்த்துச் சுடும் போட்டி, சொந்தப் பாதுகாப்பு. முதலாவது என் ஆசை. இரண்டாவது மந்திரமூர்த்தி.

பால் சங்கத்தில் பாலைச் சோதிப்பது என் வேலை. மந்திரமூர்த்தியின் கேன்களில் யூரியா இருந்தது. இருந்ததை எழுதினேன். வியாழக்கிழமை கோர்ட்டில் அதையே சொல்ல வேண்டும். அவர் இரண்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு எதிரே வந்து நின்றார். ஒரே ஒருமுறைதான் பேசினார்.

“அந்தக் கோர்ட்டுப் படியில நீ ஏற மாட்டே, தாயி.”

அன்றிலிருந்து என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை நீளக்குழல்காரருடன் சுடும் பயிற்சிக் கழகத்துக்குப் போனேன். “மூச்ச முழுசா விடாதீங்கம்மா. பாதியில நிறுத்துங்க. நான் பாத்துக்கிறேன்” என்றார். பத்துக் குண்டும் குறி அட்டையில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் அடங்கின. வீடு திரும்பும்போது கை நடுங்கவில்லை. ஆனால் அவர் எந்தப் பைக்குள்ளும் அடங்கவில்லை. மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒளிந்து வந்து பழக்கமில்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை குட்டைக்குழல்காரரின் முறை. அவர் பக்கத்து ஆளின் அட்டையைச் சுட்டார். பிறகு ஒரு டியூப்லைட்டைச் சுட்டார்.

“பத்தடிக்குள்ள வரட்டும்க்கா, அப்புறம் பாருங்க. அதுக்கு வெளிய நிக்கிறவன் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது” என்றார்.

அவர் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி வந்தேன்.

“டியூப்லைட் உங்களை என்ன பண்ணிச்சு, தம்பி?” என்று நீளக்குழல்காரர் கேட்டார்.

“உங்கள வெளிய எடுக்கிறதுக்குள்ள கேஸே முடிஞ்சிரும், அண்ணாச்சி.”

புதன்கிழமை மதியம் முடிவெடுத்தேன். கோர்ட்டுக்கு என்னோடு வரக்கூடியவர் குட்டைக்குழல்காரர்தான்.

எங்கள் ஊரில் வேண்டாம் என்ற சொல்லை எழுதுவதில்லை. அனுப்ப வேண்டியவருக்கு நன்றிப் படிவம் எழுதிக் கொடுப்போம். அவர் நகலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உரிம அலுவலகத்துக்குத் தானே போய்விடுவார். அங்கே மூன்று படிவங்கள் தருவார்கள், எழுத்துப் பிழை வந்தால் மாற்றிக்கொள்ள.

முதல் படிவத்தில், என் கையைத் திருப்பித் தந்ததற்கு நன்றி என்று எழுதி நீளக்குழல்காரரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மெதுவாகத் தலையசைத்தார். சாப்பாட்டுப் பையிலிருந்து குட்டைக்குழல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். கீரைக்கட்டு மேசைமேல் இருந்தது. அவருக்கு மட்டும் ஒன்றும் எழுதாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாவது படிவத்தை எடுத்து, மார்க்கெட்டுக்கு நன்றி என்று எழுதினேன்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து மணிக்கு அதே ஆட்டோ வந்தது.

பின்னாலேயே உரிம அலுவலகத்துக்கு ஓடினேன். எழுத்தர் இசக்கியப்பன் இருவரையும் அலமாரியில் ஏற்றி முடித்திருந்தார்.

“நன்றி எழுதினா திரும்பி வந்துருவாங்கன்னு தெரியாதாம்மா?”

“தெரியும் சார். மனசுல இருந்துச்சு, எழுதிட்டேன்.”

“இருந்தா வாயால சொல்ல வேண்டியதுதான? இனி புது மனு போடணும். ஆறு மாசமாகும்.” அவர் பேரேட்டைப் புரட்டினார். “மூணாவது படிவத்தக் குடுத்துட்டுப் போங்க.”

“வீட்ல இருக்கு. நாளைக்குக் கொண்டாரேன்.”

வியாழக்கிழமை சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் படிவமும் மட்டும் இருந்தன. மந்திரமூர்த்தி அன்று என் வீட்டு எதிரே இல்லை. கோர்ட்டின் கீழ்ப்படியில் நின்றிருந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒன்று, முழங்கை நீளம். எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடிக்கும் குறைவாகத்தான் இருந்தது.

மூச்சைப் பாதியில் நிறுத்தினேன். படிவத்தைச் சுவரில் வைத்து எழுதினேன். பொய்யாக எழுதினால் செல்லாது என்பதால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. “இரண்டு மாதம் ஒருநாள் தவறாமல் வந்து நின்றதற்கு நன்றி. நீங்கள் நின்றிராவிட்டால் நான் அந்த மனுவைப் போட்டிருக்க மாட்டேன். ஒரு சட்டைப் பொத்தானுக்குள் பத்துக் குண்டு போட என்னால் முடியும் என்று தெரிந்திருக்காது.”

மந்திரமூர்த்தி அதை இரண்டுமுறை படித்தார்.

“பேனா இருக்கா, தாயி?”

கொடுத்தேன். செய்தித்தாள் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நகலில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் தந்துவிட்டு, உரிம அலுவலகம் இருக்கும் பக்கமாக நடந்தார்.

நான் படியேறினேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

மதியம் நகலைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். இசக்கியப்பன் அதில் முத்திரை குத்தினார். அலமாரியில் நீளக்குழல்காரர் இருந்தார். சற்றுத் தள்ளிக் குட்டைக்குழல்காரர். இருவருக்கும் நடுவில், கால்களைத் தொங்கவிட்டபடி, மணிக்கட்டில் எண் கட்டிய அட்டையுடன் மந்திரமூர்த்தி. மூவருக்கும் வாயால் நன்றி சொன்னேன்.

இசக்கியப்பன் ஒரு பழைய பனியன் துணியில் எண்ணெய் தொட்டு நீளக்குழல்காரரைத் துடைத்தார். பிறகு குட்டைக்குழல்காரரைத் துடைத்தார். துணியை மடித்து, மறுபடி எண்ணெய் தொட்டு, மந்திரமூர்த்தியின் காதுக்குப் பின்னால் துடைக்க ஆரம்பித்தார்.