பின்னங்காலுக்கு நின்றவர்

தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் குமாஸ்தா மதியம் வீட்டுக்கு வந்ததும் மாடாகிவிடுவார். சில நாள் குதிரை. ஒருமுறை மூன்று வாரம் தொடர்ந்து கழுதை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பெரிய மேசைமேல் ஏறி நாலு காலில் நிற்பார். எதிரே அவர் மனைவி தூரிகையோடு நிற்பாள்.

மிருகங்கள் அசையாமல் நிற்பதில்லை, அதுதான் காரணம். அவள் தினமும் காலையில் கணவரின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிப்பேட்டைக்கும் கசாப்புக் கொட்டகைக்கும் போவாள். சாணியில் உட்கார்ந்து வரைவாள். தலை, கழுத்து, வயிறு எல்லாம் கிடைத்துவிடும். பின்னங்காலுக்கு வரும்போது மிருகம் நடையைக் கட்டிவிடும். அந்த இடத்தைத்தான் கணவர் நிரப்பினார்.

"குதிகாலைத் தூக்குங்க," என்பாள். "மாட்டுக்குப் பின்னங்கால்ல முட்டி மாதிரித் தெரியுதே, அது குதிகால். மாடு எந்நேரமும் நுனிவிரல்லதான் நிக்குது."

"மாட்டுக்குப் பழக்கம். எனக்குக் கெண்டைக்கால் இழுக்குது."

பக்கத்து அறையிலிருந்து அவருடைய அம்மாவின் குரல் வரும். "தவழ்றதை விட்டு எந்திரிச்சு நடக்க வைக்க ஒரு வருஷம் பாடுபட்டேன். மறுபடியும் அங்கேயே போயிட்டான்."

இப்படிப் பதினோரு வருடம். அதற்குள் குமாஸ்தாவுக்கு ஒரு ரகசிய நம்பிக்கை வேர்விட்டிருந்தது. அந்த ஓவியங்களில் பாதி தன்னுடையது. தான் இதுவரை பென்சிலைத் தொடாததால்தான் மீதித் திறமை வெளியே வரவில்லை.

அந்த வருடம் ஓவியர் சங்கத்தின் கண்காட்சிக்கு அவள் ஒரு படம் அனுப்பினாள். தண்ணீர் குடிக்கும் வண்டிக் குதிரை, ஆறடி அகலம். சங்கத்தில் பெண்கள் பூ வரையலாம், பழம் வரையலாம், ரொம்பக் கெஞ்சினால் தூங்குகிற பூனை வரையலாம். அவற்றை மாடிப்படி ஓரமாக மாட்டுவார்கள். பெரிய கூடத்தில் ஒரு பெண் வரைந்த மிருகம் அதுவரை ஏறியதில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர்: தலைவர், செயலாளர், சிங்கக்காரர். சிங்கக்காரர் முப்பது வருடமாகச் சிங்கம் மட்டுமே வரைபவர். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவருடைய சிங்கங்கள் எல்லாமே வயிறு சரியில்லாத தாய்மாமன் மாதிரி இருக்கும்.

குதிரை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வினை அங்கேதான் வந்தது. இவ்வளவு நன்றாக இருப்பதால் இதைப் புருஷன்தான் வரைந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிக் கடிதம் எழுதினார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு இருவரும் சங்கத்துக்கு வர வேண்டும். தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒரு மாட்டை வரைய வேண்டும். புருஷனுக்கு வரையத் தெரியும் என்று சந்தேகம் வந்தாலே போதும், குதிரை திரும்பிவிடும். இனி அவள் எதையும் அனுப்பவும் முடியாது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள் மனைவி. "உங்களுக்கு வர்றதை வரைங்க. அது போதும்."

அந்த 'அது போதும்' குமாஸ்தாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஒருவேளை நல்லா வந்துட்டா?"

அவள் தூரிகையைக் கழுவி உதறினாள். "வராதுங்க."

"வந்துட்டா?"

"வராது."

சரி, இவளுக்காகத் திறமையை அடக்கிக்கொள்வோம் என்று குமாஸ்தா தீர்மானித்தார். வேண்டுமென்றே மோசமாக வரையப்போகிறார். அந்த வாரம் முழுவதும் ஒரு தியாகியின் முகத்தோடு கடிதம் பிரித்தார். நாற்பது கடிதங்கள் ஊர் மாறிப் போயின.

சனிக்கிழமை பால்காரர் தன் மாட்டைக் கொண்டுவந்து சங்கத்து முற்றத்தில் கட்டினார். மனைவியின் அறை ஜன்னலுக்கு நேரே தலை. குமாஸ்தாவின் ஜன்னலுக்கு நேரே பின்புறம்.

அதுதான் அவரைக் கவிழ்த்தது. முன்புறம் என்றால் சமாளித்திருப்பார். பின்புறம் அவருடைய சொந்த இடம். மாடு உடம்புப் பாரத்தை எல்லாம் இடது காலில் போட்டுவிட்டு வலது காலைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றது. அந்த இடுப்பு எப்படி வலிக்கும் என்பது மாட்டுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். கை தானாகப் பென்சிலை எடுத்தது. ஒரு மணி நேரம் தலை நிமிராமல் வரைந்தார்.

முடித்துவிட்டுப் பார்த்தார். அற்புதமாக இருந்தது. படுபாவி, பொண்டாட்டி பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று தாளை மடித்துச் சட்டைக்குள் செருகினார். கையும் களவுமாகச் செயலாளர் பிடித்துவிட்டார்.

குழு மேசையில் இரண்டு தாள்களையும் விரித்தார்கள். மனைவி வரைந்ததைப் பால்காரர் எட்டிப் பார்த்தார். "நம்ம மூத்ததுதாங்க. இப்ப அந்தக் காதை ஆட்டும் பாருங்க."

மற்றதைச் சிங்கக்காரர் ஒருமுறை தலைகீழாகத் திருப்பினார். பிறகு பக்கவாட்டில் திருப்பினார்.

"இது பெஞ்சுங்களா?" என்றார் தலைவர்.

"இவ்வளவு மோசமா ஒரு மனுஷனால வரைய முடியாது," என்றார் செயலாளர். "வேணும்னே பண்ணியிருக்காரு. ஒளிச்சு வேற வெச்சிருந்தாரு. சின்ன மாட்டை அந்தம்மா போட்டிருக்கலாம். ஆறடிக் குதிரை இவர் கைதான். படத்தைத் திருப்பி அனுப்பிடுவோம்."

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. குமாஸ்தா அதைக் கவனிக்கவே இல்லை.

"மோசமா?" என்றார். "எது மோசம்?"

"சார், நடிக்காதீங்க."

"யாருய்யா நடிக்கறது? இங்க பாரு. இது குதிகால். இந்தக் கால்ல பாரம் இல்ல. அதனால இடுப்பு இந்தப் பக்கம் எறங்குது. கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"குதிகாலா? அது முட்டி," என்றார் சிங்கக்காரர்.

குமாஸ்தா சட்டையைக் கழற்றினார். தலைவரின் மைக்கூட்டை நகர்த்தி வைத்தார். குழு மேசைமேல் ஏறி நாலு காலில் நின்று, பின்னால் குதிகாலைத் தூக்கிக் காட்டினார்.

"பதினோரு வருஷம்," என்றார். "அந்தக் குதிரைக்கும் பின்னங்கால் நான்தான். இவ வரைவா, நான் நிப்பேன். எங்கிட்ட வந்து முட்டிங்கறியா? முப்பது வருஷமா உன் சிங்கத்துக்கெல்லாம் கால் ஒடிஞ்சிருக்குய்யா." பால்காரரைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. இது உன் மாடு இல்லையா?"

பால்காரர் இரக்கமுள்ள மனிதர். தாளை வெகுநேரம் பார்த்தார். "மாடுதாங்க," என்றார். "படுத்திருக்குதுங்களா?"

குமாஸ்தா மேசையைவிட்டு இறங்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் கோபம் நடிப்பு இல்ல. இந்த ஆள் மனசாரவே அதை மாடுன்னு நினைக்கறாரு. இவரால குதிரை வரைய முடியாது. எங்கே கையெழுத்துப் போடணும்?"

அடுத்த வாரம் வண்டிக் குதிரை பெரிய கூடத்தின் நடுச்சுவரில் ஏறியது. அதற்கு இடம் விட்டு இரண்டு சிங்கங்கள் மாடிப்படிக்குப் போயின. போகும் முன் சிங்கக்காரர் அவற்றின் பின்னங்கால்களைத் திருத்தியதை வாயிற்காவலர் பார்த்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சங்கத்திலிருந்து கிளம்பும்போது குமாஸ்தா தன் தாளை எடுத்து மறுபடியும் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கையை நீட்டினாள். அவர் சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தன் மாடுகளைப் பார்ப்பது போலவே கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இந்தக் கால்ல பாரம் இல்லைன்னு தெரியுது," என்றாள். "அது சரியா வந்திருக்கு."

"மத்ததெல்லாம்?"

"மேசைமேல ஏறுங்க. வெளிச்சம் போகுது."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இன்னிக்கு என்ன?"

"எருமை."

குமாஸ்தா ஏறி நின்றார். அவள் சொல்வதற்கு முன்பே குதிகாலைத் தூக்கினார்.