இடாப்பு

முன்பள்ளி ஆசிரியை மார்த்தா என்னிடம் ஒரு தாளைத் தந்தார். மூன்று கட்டங்கள்: முன்னர் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னர் நடந்தது. ஐந்து நாட்கள் வேணுஜாவைக் கவனித்து அவரே நிரப்பியிருந்தார்.

என் மகளுக்கு நாலரை வயது. மற்றப் பிள்ளைகளின் வாயைப் பொத்துகிறாள். திங்கட்கிழமை எட்வேட்டின் உதடு கிழிந்துவிட்டது. தாயில்லாத வளர்ப்பு இப்படித்தான் என்று அவனுடைய தாய் கேற்றடியில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். வேணுஜாவை முன்பள்ளிக்கு வராமல் மறிக்காவிட்டால் நாலு வீட்டுக்காரர் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டார்களாம். மறித்தால் மன்னாரில் கிடைத்த வேலையை நான் விடவேண்டும். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து விடத்தல்தீவுப் பக்கம் நாங்கள் திரும்பி வந்து நாலு மாதம். அவளைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

அடம், பொறாமை, பசி என்று நான் யோசித்து வைத்திருந்த காரணங்களைச் சொன்னேன். மார்த்தா முதற்கட்டத்தைக் காட்டினார். ஐந்து நாளும் ஒரே வரி: வரவு இடாப்புக் கூப்பிட்டேன்.

"விளையாடேக்க ஒருத்தரையும் தொடமாட்டாள். பேர் கூப்பிட்டு, பிள்ளையள் 'ஓம் ரீச்சர்' எண்டு வாய் திறக்கேக்கதான் பாயிறாள். தன்ர பேருக்கு வாயே திறக்கிறேல்லை."

நடந்ததைச் சொன்னேன். ஒன்றரை வருடத்துக்கு முன், முகாமில், ஒலிபெருக்கியில் நோயாளரின் பெயர் வாசிப்பார்கள். பதில் சொன்னவர்களை பஸ்ஸில் ஏற்றுவார்கள். என் மனைவி சுகந்தினிக்கு ஒன்பது நாள் காய்ச்சல். அவள் பெயரை வாசித்தபோது பிள்ளை அவளை ஒட்டிப் படுத்திருந்தாள். பஸ் முகாமுக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனது. பன்னிரண்டாம் நாள் செய்தி மட்டும் வந்தது.

"அவாவோ ஓம் எண்டு சொன்னவா?"

"அவளுக்குக் குரல் வரேல்லை. நான்தான் சொன்னனான்."

மார்த்தா பேனையை வைத்தார். இனி இடாப்புக் கூப்பிடாமல் முகம் பார்த்துக் குறிப்பதாகவும், நாளைக்கும் பிள்ளையைக் கூட்டிவரும்படியும் சொன்னார். எட்வேட்டின் தாயோடு தானே கதைப்பாராம்.

திரும்பினேன். வேணுஜா கதவடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

சைக்கிளின் முன்பாரில் ஏற்றினேன். சந்தி தாண்டியதும் கேட்டாள்.

"ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மாவுக்குச் சுகம் வரும் எண்டு."

"வரேல்லை."

"வரேல்லை," என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என் வாயைப் பொத்தப்போகிறாள் என்று நினைத்து மிதிப்பதை நிறுத்தினேன். பொத்தினால் நல்லது போலிருந்தது. அவள் கையைத் தூக்கவில்லை.