கடுகு விழுந்த வானம்

தேவிஸ்ரீ போன் பேச வாசலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் கணவன் புவனேஷ் மெழுகைத் தாளித்துவிட்டான்.

"கடுகு வெடிக்கவே மாட்டுதே. நெய் கெட்டுப்போச்சா?" என்று கரண்டியோடு நின்றான்.

"ஐயோ, சூட்டக் கூட்டாதீங்க! அது நெய் இல்ல, என் மெழுகு!"

மின்சாரச் சட்டியில், படம் வரைய வைத்திருந்த தேன்மெழுகும் டாமார் மரப்பிசினும் உருகிப் பொன்னிறமாகக் கிடந்தன. மேலே கருவேப்பிலை மிதந்தது. கடுகு அடியில் இறங்கியிருந்தது. புக்கிட் காத்தில் என்ற ஊரிலிருந்த அந்த வீட்டில் பெரிய ஜன்னல் சமையலறையில் மட்டும்தான். அதனால் ஓவியமும் அங்கேதான், சாம்பாரும் அங்கேதான்.

"தாளிச்சிக் குடுத்து உனக்கு ஹெல்ப் பண்ணலாம்னு பார்த்தேன்லா."

"யாரு கேட்டா உங்க ஹெல்ப்ப? ஹரிதாஸ்தான் போன்ல. சாயங்காலத்துக்குள்ள படம் வரலைனா அந்தச் செவுத்துல டிவி மாட்டிருவானாம்!"

ஹரிதாஸ் நாளை தெங்கேராக் கடைத்தெருவில் காப்பிக்கடை திறக்கிறான். தேவிஸ்ரீயின் படம் முதல்முறையாக வெளியே ஒரு சுவரில் ஏறப் போகிறது. பலகையில் தெங்கேராவின் கூரைகள் முடிந்திருந்தன, வானம் பாக்கி. வீட்டில் வேறு மெழுகும் இல்லை.

கருவேப்பிலையைப் பொறுக்கி எறிந்தாள். மேல்மெழுகை மட்டும் மொண்டு நீலம் கலந்து சரசரவென்று இழுத்தாள். உருகிய மெழுகு யோசிக்க நேரம் தராது, தூரிகையிலேயே இறுகிவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் வெப்பக்காற்றுக் கருவியைக் காட்டினாள், கீழ்ப்பூச்சோடு ஒட்ட வேண்டுமே. சட்டி வற்ற வற்ற, கடுகுகள் தூரிகையோடு வந்து வானத்தில் அப்பிக்கொண்டன.

சுரண்டக் கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னா, வரமாட்டுதா?"

"பேசாதீங்க."

கடைகளுக்கு மேலே மின்கம்பிகளைச் சுற்றும் குருவிகள் இதே அளவுதான் தெரியும். சட்டியின் அடியைக் கலக்கி, வேண்டுமென்றே இன்னொரு பூச்சு இழுத்தாள். ஒவ்வொரு கடுகின் இருபுறமும் ஊசியால் கீறி, கீறலில் கறுப்புச் சாயத்தைத் தேய்த்துத் துடைத்தாள். சிறகு முளைத்தது.

"அடுத்த தடவ சீரகம் போடட்டா?"

"கைய ஒடச்சிருவேன்."

வெயில் சாய்வதற்குள் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஹரிதாஸ் படத்தை உயர்த்திப் பிடித்தான்.

"அக்கா, செமலா! குருவிச் சத்தமே கேக்குது." கண்ணாடிக் கதவுக்கு எதிர்ச்சுவரைக் காட்டினான். மேற்கு வெயில் முழுக்க அதன்மேல்தான் அடித்தது.

காலையில் எந்தச் சுவர் என்றாலும் சரி என்றுதான் தேவிஸ்ரீ இருந்தாள்.

"அங்க மாட்டுனா மெழுகு இளகிடும் தம்பி. கல்லாவுக்குப் பின்னால இருக்கற செவுரக் குடு."

"அங்க என் போட்டோவ பெருசா மாட்டியிருக்கேன்கா!"

"உன் மூஞ்சி வெயில்ல உருகாது. எறக்கு."

புவனேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏணியைப் பிடித்தான். ஹரிதாஸ் முணுமுணுத்தபடி மேலே ஏறினான்.