வராத விசில்

ரூக்கின் தாடையை இடது கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்பற்களுக்கு இடையில் சிக்கியிருந்த ஆட்டு ரோமத்தை ஹில்டா விரல் நுனியால் இழுத்தாள். ஈரமாக இருந்தது. இழுக்க இழுக்க நூல்போல வந்துகொண்டே இருந்தது. நாய் அசையவில்லை. அதன் கண்கள் அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்கு மேலே மூடுபனிக்குள் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் நிலைத்திருந்தன.

"ஹில்டா! நல்ல கப்பெல்லாம் எங்கம்மா வெச்சிருக்கே?" சமையலறையிலிருந்து மேவிஸ் ஹாஸ்கினின் குரல் வந்தது.

"மேல் அலமாரியில, மிஸஸ் ஹாஸ்கின். இதோ வரேன்."

"நீ மெதுவா வா. அழணும்னா அழுதுட்டே வா. அடுப்பை நான் பார்த்துக்கறேன்."

ஹில்டா அழவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, கையிலிருந்த ரோமத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு நுனியில் நீலச் சாயம். ரங்கிடாடா ஆற்றின் இந்தக் கரையில் நீலம் என்றால் லெஸ் ஹாஸ்கினின் ஆடுகள். அப்பாவின் மந்தைக்குச் சிவப்பு. அந்த மந்தையை விற்று, மேய்ச்சல் நிலத்தையும் பக்கத்துப் பண்ணைக்கார லெஸ்ஸுக்கே குத்தகைக்கு விட்டு, வீட்டையும் ரூக்கையும் மட்டும் அப்பா வைத்துக்கொண்டார்.

ரோமத்தை ஏப்ரனின் பைக்குள் திணித்தாள். காலையில் அப்பாவின் முகத்தைத் துடைத்த துணி கொடியில் இன்னும் காயாமல் தொங்கியது. அதை எடுத்து நாயின் வாயைத் துடைத்தாள்.

கொஞ்ச வாரங்களாகவே அப்பா தூக்கத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார். கண் மூடியிருக்கும். உதடு மட்டும் குவிந்து, காற்றைவிடக் கொஞ்சம் கனமான ஒரு விசில் வரும். கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும் ரூக் உடனே எழுந்து இடப்பக்கம் போகும். இன்னொரு விசில். வலப்பக்கம் திரும்பி அலமாரியில் முட்டிக்கொள்ளும். பிறகு நீளமாக, ஏறாமல் இறங்காமல் ஒரே கோடாக ஒரு விசில் வரும். அது நிறுத்தச் சொல்வது. ரூக் இருந்த இடத்தில் அப்படியே படுத்துவிடும். ஹில்டா பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அந்த அறைக்குள்ளே ஆடுகள் நிறைந்திருப்பதாகவும், தான் மட்டும் அவற்றைப் பார்க்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும் அவளுக்குத் தோன்றும்.

இன்று விடியும்போது அப்பா, "ஜன்னலைத் திற. உள்ள புல்லு வாசமே இல்ல" என்றார். திறந்தாள். மூடுபனி சன்னல் கட்டை வரை வந்து நின்றது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த விசில் வந்தது. நோய் வருவதற்கு முன் மலை உச்சியிலிருந்து அடிப்பாரே, அப்படி மேலே ஏறிச் சுழன்றது. போ, சுற்றி வளைத்துக் கொண்டுவா என்று அர்த்தம். ரூக் ஒரே தாவலில் சன்னலைத் தாண்டிப் பனிக்குள் மறைந்தது. கீழே எங்கோ குளம்புகள் நகரும் சத்தம் மழை தொடங்குவதுபோல் கேட்டது.

அப்பாவின் உதடுகள் மறுபடி குவிந்தன. மார்பு மேலே எழுந்தது. அடுத்த விசிலுக்காக மூச்சை இழுக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். காத்திருந்தாள். சிறுமியாக இருந்தபோது, இரண்டு விரலை வாயில் வைத்து நிறுத்தும் விசில் அடிக்க அவளுக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அது அப்போது அவளுக்கு நினைவுக்கே வரவில்லை. அவருடையது வரும் என்று காத்திருந்தாள். அந்தக் கை தன் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தபோதும் காத்திருந்தாள்.

வெயில் வந்ததும் ரூக் திரும்பியது. வயிறு வரை சேறு. சன்னலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தது.

சமையலறைக்குள் போனபோது மேவிஸ் கேக்கை அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. ஹில்டாவின் அப்பாவுக்காக மட்டும் அல்ல.

"இன்னிக்குப் பேசக்கூடாதுன்னு பார்த்தேன். ஆனா வெச்சுக்க முடியலம்மா. நாய் துரத்தி, ஆடெல்லாம் ஓடைப் பள்ளத்துல ஒண்ணுமேல ஒண்ணா விழுந்து கிடக்குதுங்க. எல்லாம் சினை ஆடு. இந்த மாசக் கடைசியில குட்டி போட வேண்டியது. லெஸ் இழுத்து இழுத்துப் போட்டாரு. அடியில இருந்தது ஒண்ணுகூடப் பிழைக்கல."

ஹில்டா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த நாய்?"

"வேற யாரு? பெர்சியோட நாய்தான். ஓடைக்கரையில நின்னுச்சு. கழுத்துல தகடு இல்ல."

முயல் பிடிக்கிற பெர்சி அதைக் கேட்டுக்கொண்டே பின்வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

"உள்ள வரலாமா? காலெல்லாம் சேறு."

"வாங்க பெர்சி."

"உங்கப்பா என்னைப் பார்த்தா, தகடு எங்கடான்னுதான் கேப்பாரு. இத்தனை வருஷத்துல ஒரு குட்மார்னிங் சொன்னதில்ல. இப்பவும் எழுந்து கேட்டுடுவாரோன்னு முன்வாசல் வழியா வர பயம்."

"கேட்டா என்ன சொல்லுவே?" என்றாள் மேவிஸ்.

"என் பிஸ்கெட் நாய் ஆட்டைத் தொடாதுன்னு சொல்லுவேன். அது முயலுக்கே பயப்படும் மிஸஸ் ஹாஸ்கின். என் நாய்ங்கள்ல அது ஒண்ணுதான் தண்டச்சோறு."

"அப்போ ஓடையில என்ன பண்ணுச்சு? குளிச்சுதா?"

"தண்ணி குடிச்சுது."

"அதெல்லாம் லெஸ் கிட்ட சொல்லு. கொட்டகையில கட்டிப் போட்டிருக்காரு. ஹில்டாவோட அப்பாவைப் புதைக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு இருக்காரு. நாளைக்குச் சாயங்காலம் முடிச்சிடுவாரு."

பெர்சி ஹில்டாவைப் பார்த்தான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருங்க. தகட்டுக்காரர் பொண்ணு நீங்க."

ஊரில் அப்பாவுக்கு அதுதான் பெயர். வருஷா வருஷம் வீடு வீடாகப் போய் நாய்களின் கழுத்துப் பட்டையில் அந்த வருஷத்து நிறத்தில் தகடு மாட்டிவிட்டு வருவார். அதற்குக் கட்டும் பணத்திலிருந்துதான் நாயிடம் ஆடு இழந்தவர்களுக்குக் கவுன்சில் ஈடு கொடுத்தது. தகடு இல்லாத நாய் மந்தைக்குள் நின்றால் ஆட்டுக்காரன் யாரையும் கேட்காமல் சுடலாம். தகடு இருந்தாலும், ஆட்டைக் கொன்ற நாய்க்கு மறுநாள் கிடையாது. கூட்டத்தில் நின்று வாதாடி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்பா. அதை நிறைவேற்றியவரும் அவர்தான். வீட்டு வாசலுக்குப் போவார், குரலை உயர்த்தமாட்டார், பட்டையைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு நாயைக் கயிற்றில் கட்டி மேட்டுக்கு அழைத்துப் போவார். கொஞ்ச நாள் அந்த வீட்டுக்காரர்கள் அவரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போவார்கள்.

மேசைக்குக் கீழே ரூக் எழுந்தது. இடப்பக்கமாகச் சுற்றி வந்து, நின்று, காதைத் தூக்கிக் கேட்டது. மறுபடி சுற்றியது.

"அவரைத் தேடுது பாவம்" என்றாள் மேவிஸ்.

ஹில்டா ஊற்றிக்கொண்டிருந்த தேநீர் கப்பிலிருந்து வழிந்து தட்டில் நிறைந்தது. பெர்சியின் பக்கம் திரும்பாமல் தட்டைத் துடைத்தாள். ரோமத்தை அடுப்பில் போட்டிருந்தால் ஒரு நொடியில் போயிருக்கும். ஆனால் அன்று முழுக்க அந்த அடுப்பைச் சுற்றி யாராவது நின்றுகொண்டே இருந்தார்கள்.

மறுநாள் கறுப்பு உடை மாற்றியபோது அந்த ரோமம் பழைய ஏப்ரனிலிருந்து புதிய உடையின் பைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. காய்ந்து மிருதுவாகியிருந்தது. விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் லெஸ்ஸைப் பார்த்தார்கள். ஆடு வளர்த்தவன் கையில் ஒரு பிடி ரோமம் வைத்து அனுப்புவது இந்தப் பக்கத்து வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஏன் வரவில்லை என்று மேலே கேட்டால், ஆட்டை விட்டு வர முடியவில்லை என்று அவன் அதைக் காட்டலாம். வீட்டில் மந்தை இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்காரன் கொண்டுவர வேண்டும்.

லெஸ் வெறும் கையோடு நின்றார். பெரிய உடம்பு. கோட்டின் தோள் இறுக்கமாக இருந்தது.

"மறந்துட்டீங்களா?" மேவிஸ் காதருகே கேட்டாள்.

"மறக்கல. செத்த ஆட்டுலேர்ந்து எடுக்க மனசு வரல. உயிரோட இருக்கறதைப் பிடிக்கப் போனா மிரண்டு ஓடுதுங்க. கிட்டப் போக முடியல." அவர் தரையைப் பார்த்தார். "மன்னிச்சிடு ஹில்டா."

அறையின் மூலையில் ரூக் சுற்றிக்கொண்டிருந்தது. வலப்பக்கம். நின்றது. கேட்டது. இடப்பக்கம். வாசலுக்கு வெளியே, உள்ளே வராமல், பெர்சி தொப்பியோடு நின்றான்.

ஹில்டா பைக்குள் கை விட்டாள்.

"என்கிட்ட இருக்கு" என்றாள்.

லெஸ் உள்ளங்கையை நீட்டினார். அவள் அதில் வைத்தாள். அவர் கட்டைவிரலால் ரோமத்தை மெல்ல ஒதுக்க, நீல நுனி தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூலையில் சுற்றும் நாயைப் பார்த்தார். ஹில்டாவைப் பார்க்கவில்லை. குனிந்து, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ரோமத்தை உள்ளே வைத்து, ஒவ்வொன்றாக மூடினார். நீலம் உள்ளே போய்விட்டது.

"மூடலாம்" என்றார்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் மற்றவர்கள் மீதிக் கேக்கை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மேவிஸ் கப்புகளைக் கழுவுவதாகச் சொன்னாள். லெஸ் அவளை வண்டியில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, பின்வாசல் படியில் ஹில்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பனி கீழே ஓடைவரை இறங்கியிருந்தது. மேட்டில் மீதமிருந்த ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"பெர்சியோட நாயை அவுத்து விட்டுட்டேன்" என்றார். "வாங்கிட்டுப் போறான், என்னமோ நான் தங்கம் குடுத்த மாதிரி. தகடு வாங்கிக் கட்டுடான்னேன். தகட்டுக்காரர் செத்தாலும் தகடு சாகலியான்னு கேக்கறான் ராஸ்கல்."

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா விசில் அடிச்சாரு, மிஸ்டர் ஹாஸ்கின். தூக்கத்துல. சுத்தி வளைன்னு."

லெஸ் தலையைத் திருப்பவில்லை. "நிறுத்தச் சொல்லி?"

"அதுக்குள்ள போயிட்டாரு."

ரூக் முற்றத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. நேற்றிலிருந்து அது எதுவும் சாப்பிடவில்லை, படுக்கவும் இல்லை.

"கடிச்ச காயம் ஒண்ணுல கூட இல்ல" என்றார் லெஸ். "மேல கிடந்த ஒரு ஆட்டோட கழுத்துல மட்டும் ரோமம் பிடுங்கியிருந்துச்சு. தண்ணியிலேர்ந்து இழுக்கப் பார்த்துச்சோ என்னமோ." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "ரோமம் இப்போ மண்ணுக்குள்ள. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. மேவிஸ்கிட்டகூட. ஆத்து வெள்ளத்துல மிரண்டுச்சுன்னு சொல்லிக்கலாம். நீ வேணாம்னு சொன்னா வேணாம்."

"அன்னிக்கு உங்க நாய் டாலியை மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்போ அப்பா என்ன சொன்னாரு?"

லெஸ் மேட்டைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது.

"ஒண்ணும் சொல்லல. பட்டையைக் கழட்டிக் கையில குடுத்தாரு. சூடா இருந்துச்சு." பிறகு, "நான் கெஞ்சினேன் ஹில்டா. இவ்வளவு பெரிய ஆளு, கால்ல விழாத குறை" என்றார்.

கீழே வண்டியில் மேவிஸ் கண்ணாடியைத் துடைப்பது தெரிந்தது. ஓடைப் பக்கம் காக்கை இல்லாத வெறும் வானம்.

ஹில்டா எழுந்தாள். "ரூக்" என்றாள். அது வந்தது. அதன் முன் மண்டியிட்டு, ரோமத்துக்கு அடியில் விரல் விட்டு, பட்டையின் கொக்கியைத் தேடினாள். பழைய தோல். கொக்கி எளிதில் வரவில்லை. ரூக் கழுத்தை நீட்டிக்கொடுத்தது. பட்டை வந்ததும் அதன் கழுத்தில் மயிர் படிந்து ஒரு வளையம் மாதிரித் தெரிந்தது. ஹில்டா அதை விரலால் எதிர்ப்பக்கம் தடவி எழுப்பிவிட்டாள்.

பட்டையை லெஸ்ஸிடம் தரவில்லை. ரோமம் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள்.

லெஸ் வண்டிக்குப் போய் ஒரு கயிறும் துப்பாக்கியும் எடுத்து வந்தார். அவள் முகத்தைப் பார்க்க ஒரு தடவை நின்றார். பிறகு மேட்டை நோக்கி நடந்தார். கயிற்றின் முனையில் ரூக் இடப்பக்கம் இழுத்தது, வலப்பக்கம் இழுத்தது. ஆடுகளைக் கண்டதும் உடம்பைத் தாழ்த்திச் சுற்றப் பார்த்தது. லெஸ் இரண்டு தடவை நின்று நின்று கயிற்றைச் சுருட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு தூரத்தில் மனிதனும் நாயும் ஒரே கோட்டில் கட்டிய இரண்டு சிறிய புள்ளிகள்.

ஹில்டா இரண்டு விரலை வாயில் வைத்தாள். முதலில் வெறும் காற்று வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள்.

நீளமாக, ஏறாமல் இறங்காமல், ஒரே கோடாக அது பள்ளத்தாக்கைக் கடந்து போனது.

மேட்டில் ரூக் அப்படியே படுத்தது. முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்துக்கொண்டது.

அவள் உள்ளே போய்க் கடைசிக் கப்பை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். சன்னலில் மேடு முழுக்கத் தெரிந்தது. சத்தம் வந்தபோது ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலை தூக்கின. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு ஒன்று குனிந்து மேயத் தொடங்கியது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் குனிந்தது.